கடைசிப் பக்கங்கள் இல்லாத புத்தகம்

எனக்கு அப்போது இருபத்துமூன்று வயது. சாந்தோம் பக்கத்தில் பெண் குழந்தைகளுக்கென்று நடந்த ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் ஆசிரியையாக இருந்தேன். வீடு மயிலாப்பூரில், குளத்துக்குத் தெற்கே ஒரு சந்தில். அப்பா துறைமுகத்தில் குமாஸ்தா. காலையில் குடையை எடுத்துக்கொண்டு நடந்தால் கால் மணி நேரத்தில் பள்ளிக்கூடம். சாயங்காலம் அதே வழியில் வீடு. பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் ஒரு தென்னந்தோப்பைத் தாண்டினால் கடல், கடலோரத்தில் குப்பம். எங்கள் வீட்டிலும் வாரம் இரண்டு நாள் மீன் குழம்புதான். ஆனாலும் இரண்டு வருஷம் வேலை பார்த்த பிறகும் நான் அந்தத் தோப்பைத் தாண்டிப் போனதில்லை.

மூன்றாம் வகுப்பில் ஒரு பெண் பத்து நாட்களாக வரவில்லை. என்னவென்று பார்த்துவிட்டு வரலாம் என்று ஒரு சனிக்கிழமை மத்தியானம் கிளம்பினேன். கையில் ஒரு கதைப் புத்தகம் இருந்தது. தியாகராய நகரில் புதுவீடு கட்டிக்கொண்டு போயிருந்த என் அக்கா, அவள் தெருவிலிருந்த வாசகசாலையிலிருந்து வாங்கிக் கொடுத்தது. வழியில் எங்காவது உட்கார்ந்து படிக்கலாம் என்று எடுத்துப் போயிருந்தேன்.

அந்தப் பெண்ணின் அம்மா மணலில் குந்தியபடி வாளை மீனைக் கீறி உப்புத் தடவிக்கொண்டிருந்தாள். கழுத்தில் சிலுவை கோத்த கறுப்புக் கயிறு. கடல் இரைச்சலுக்கு மேலே பேசிப் பேசிப் பழகிய பெரிய குரல்.

"வாத்தியாரம்மாவா? வா, குந்து. பொண்ணுக்கு அம்மை போட்டுக்கினு இருந்துச்சு. தலைக்குத் தண்ணி ஊத்தியாச்சு. திங்கக்கெழமை அனுப்புறேன்." பிறகு என் கையைப் பார்த்தாள். "இன்னா அது, வேதப் புஸ்தகமா?"

"இல்லக்கா. கதைப் புஸ்தகம்."

"யார் வூட்டுக் கதை?"

"யார் வீட்டுக் கதையும் இல்ல. ஒருத்தர் யோசிச்சு எழுதினது."

"அப்ப பொய்யா?"

"பொய்தான்க்கா. ஆனா நடந்திருக்கலாம்" என்றேன்.

"படி, பாப்போம்" என்றாள். கை மட்டும் மீனை விடவில்லை.

படித்தேன். தெற்கே உப்பளத்தை ஒட்டிய ஒரு சிற்றூரைப் பற்றிய கதை அது. ஒரு நாள் எங்கிருந்தோ ஒருத்தி கைக்குழந்தையோடு வந்து, குடிசை போட்டுக்கொள்ள இடம் கேட்கிறாள். ஊரின் எல்லையில், யாருக்கும் வேண்டாத ஒரு மூலையைக் காட்டுகிறார்கள். அவள் அங்கேயே தங்கி, உப்பளத்தில் வேலை செய்து வாழ்கிறாள். முதல் நாள் அவ்வளவுதான் படித்தேன். நான் எழுந்தபோது அந்த அம்மாள் முழங்கையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, "அடுத்த சனிக்கெழமை வா. மீதியைக் கேக்கணும். ஆனா ஒண்ணு, நீ மட்டும் வூட்ல முன்னாலயே படிச்சிடக் கூடாது" என்றாள். சத்தியம் வாங்கிக்கொண்டுதான் விட்டாள்.

மறு சனிக்கிழமை ஐந்து பெண்கள் இருந்தார்கள். அதற்கு அடுத்த வாரம் பதினைந்து பேர். சந்தைக்குப் போய்த் திரும்பியவர்கள் காலிக் கூடையைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்தார்கள். இரண்டு கட்டுமரங்களுக்கு நடுவே பழைய பாயை இழுத்துக் கட்டி எனக்கு நிழல் செய்து கொடுத்தார்கள். அவர்களில் ஒருவருக்கும் எழுத்துத் தெரியாது. ஆனால் போன வாரம் எந்த வார்த்தையில் நிறுத்தினேனோ அந்த வார்த்தையை அப்படியே சொல்வார்கள். விட்ட இடம் தெரியாமல் நான் பக்கத்தைப் புரட்டித் தடுமாறினால் அந்த வாக்கியத்தையே எடுத்துக் கொடுப்பார்கள். வகுப்பில் முப்பது பிள்ளைகளுக்கு ஒரு செய்யுளை மனப்பாடம் செய்விக்க நான் படும் பாடு எனக்குத்தான் தெரியும். இவர்கள் கையில் கத்தியும் மீனுமாக உட்கார்ந்து, ஒரு தடவை கேட்டதை அப்படியே மனத்தில் வைத்திருந்தார்கள். கதையில் கோடை வந்து ஊர்க்கிணறு வற்றத் தொடங்கும் இடத்தைப் படித்த அன்று, பதினைந்து கத்திகளும் ஒரே சமயத்தில் நின்றன.

கேட்க வந்தவர்களில் இரண்டு பேரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒருத்தி குப்பத்துத் தலைவரின் மனைவி. கனத்த உடம்பு, நெற்றி நிறையக் குங்குமம். அவள் உட்கார்ந்த பிறகுதான் மற்றவர்கள் உட்காருவார்கள். இன்னொருத்தி எப்போதும் பத்தடி தள்ளி, முக்கால் முதுகைக் காட்டியபடி உட்காருவாள். நெல்லூர்ப் பக்கத்திலிருந்து புருஷனோடு படகில் வந்தவளாம். அவனைக் கடல் கொண்டுபோய்விட்டது. ஆறு வயதுப் பெண் ஒன்று. குடிசை வரிசை முடிந்து, மழைநீர் ஓடும் ஓடைக்கு அந்தப் பக்கம் தனியாக அவள் குடிசை. அங்கேயே மீனைக் காயப்போடுவாள். எட்டு வருஷமாகியும் அவளை "வடக்கத்தியா" என்றுதான் கூப்பிட்டார்கள். சண்டை ஒன்றும் இல்லை. பெயர் சொல்லிக் கூப்பிட யாருக்கும் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

கதையில் கிணற்றுத் தண்ணீர் ஆளுக்கு ஒரு குடம் என்று ஆகிறது. வந்தவளுக்கும் பங்கு உண்டா இல்லையா என்று தீர்மானிக்க ஊர்க்கூட்டம் கூடுகிறது. ஆளாளுக்குப் பேசுகிறார்கள். கடைசியில் ஊர்த்தலைவர் மேல்துண்டைச் சரிசெய்துகொண்டு எழுந்திருக்கிறார். பக்கத்தைத் திருப்பினேன். அட்டைதான் இருந்தது. கடைசிப் பக்கங்கள் தையலோடு விட்டுப் போயிருந்தன.

"இன்னா ஆச்சு? படி" என்றாள் என் மாணவியின் அம்மா.

"இல்லக்கா. பக்கம் இல்ல. கிழிஞ்சு போயிருக்கு."

ஒரே கூச்சல். கிழித்தவன் கை விளங்காமல் போகட்டும் என்று ஒருத்தி சபித்தாள். சத்தம் அடங்கியதும் தலைவர் மனைவி சொன்னாள்:

"இதுல தெரியாதது இன்னா கீது? தண்ணி இல்லன்னு சொல்லிருப்பாரு. ஊருக்கே பத்தல. முன்னால இருந்தவங்களுக்குத்தான் முதல்ல."

"கொழந்த கீதே அவளுக்கு!" என்றாள் என் மாணவியின் அம்மா.

"எல்லாருக்கும்தான் கொழந்த கீது."

இரண்டு கட்சியாகப் பிரிந்து வாதாடினார்கள். தெரிந்த மனுஷர்களைப் பற்றிப் பேசுவது போலவே பேசினார்கள். பொய்யா என்று கேட்டவளும் அதில் சேர்ந்திருந்ததை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போது பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. அந்தக் குரலை நான் அதுவரை கேட்டதே இல்லை.

"அந்தக் கூட்டத்துல அவளை ஏதாச்சும் கேட்டாங்களா? புஸ்தகத்துல கீதா?"

ஓடைக்கு அந்தப் பக்கத்துக்காரி முழுதாகத் திரும்பி உட்கார்ந்திருந்தாள். நான் அவசரமாகப் பக்கங்களைப் புரட்டினேன். ஊர்க்கூட்டம் பதினோரு பக்கம். எல்லாரும் பேசியிருந்தார்கள். வந்தவள் மட்டும் ஒரு வார்த்தை பேசவில்லை. கதையை எழுதியவருக்கும் தோன்றவில்லை, படித்த எனக்கும் தோன்றவில்லை.

"இல்ல" என்றேன். "அவளை யாரும் கேக்கல."

"கேட்டிருந்தா தண்ணியைப் பத்தியா சொல்லிருப்பா?" என்றாள் அவள். யாரையும் குறிப்பாகப் பார்க்கவில்லை. "மழை வந்தா நீங்கல்லாம் இன்னா பண்ணுவீங்க? முதல் வூட்டுலேர்ந்து கூப்புடுவீங்க. மழை, மழைன்னு. அடுத்த வூடு, அடுத்த வூடுன்னு குரல் போய்க்கினே இருக்கும். ஒருத்தி மீனை இன்னொருத்தி வாருவா. அந்தக் குரல் கடைசி வூட்டாண்ட நின்னுடும். ஓடையைத் தாண்டாது. எட்டு வருசமா நானே வானத்தைப் பாத்துக்கினு கீறேன்."

கோபமாகச் சொல்லியிருந்தால் பதில் சொல்லியிருப்பார்கள். அவள் சாதாரணமாகச் சொன்னாள். சொல்லிவிட்டுக் கூடையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். தலைவர் மனைவி மணலை விரலால் கீறிக்கொண்டே உட்கார்ந்திருந்தாள்.

அன்று வீடு திரும்பும்போது கால் தரையில் பாவவில்லை. பள்ளிக்கூடத்தில், வீட்டில், வாசகசாலையில் எத்தனையோ புத்தகங்கள் படித்திருந்தேன். ஒரு புத்தகம் இப்படி எழுந்து வந்து மனுஷர்களுக்கு நடுவில் உட்காரும் என்று எனக்குத் தெரியாது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. பஸ் பிடித்து அக்கா வீட்டுக்குப் போனேன். தியாகராய நகரில் அப்போது பாதி மனைகள் காலி. ஏரியாக இருந்த நிலமாதலால் நடக்கும் தெருவெல்லாம் சேறு. அக்காவின் தெருவில் பதினெட்டு வீடுகள், பதினெட்டும் வேறு வேறு ஊரிலிருந்து வந்தவர்கள். "அடுத்த வீட்டில யாருன்னு எனக்கு இன்னும் சரியாத் தெரியாது" என்று அக்கா சொல்லிக்கொண்டே காப்பி கொடுத்தாள். வாசகசாலையில் அதே கதையின் இன்னொரு பிரதி அலமாரியின் மேல்தட்டில் இருந்தது. அங்கேயே நின்றபடி கடைசிப் பக்கங்களைப் படித்தேன். சத்தியத்தை மீறியதற்கு உடனே தண்டனை கிடைத்தது. கதையின் ஊர்த்தலைவர் எழுந்து, எல்லாரும் எடுத்த பிறகு மிஞ்சினால் அவள் எடுத்துக்கொள்ளலாம் என்கிறார். ஊர் அவருடைய பெரிய மனத்தை மெச்சுகிறது. மறுநாள் விடியும்போது அவள் குழந்தையோடு போய்விட்டிருக்கிறாள். அவ்வளவுதான் கதை.

அந்தப் பிரதியை வாங்கி வந்தேன், ஆனால் இதை எப்படிக் குப்பத்தில் போய்ப் படிப்பது? வாரம் முழுதும் அதே நினைப்பு. வேறு பிரதி கிடைக்கவில்லை என்று சொல்லிவிடலாமா என்றுகூடத் தோன்றியது. ஆனாலும் சனிக்கிழமை புத்தகத்தை எடுத்துக்கொண்டு போனேன்.

எல்லாரும் முன்னதாகவே வந்திருந்தார்கள். ஓடைக்காரி மட்டும் வரவில்லை. புத்தகத்தைத் திறந்தேன். முதல் வரிக்கு வருமுன் காற்று மாறியது. ஆவணி மாதத்து மழை. தெற்கே அடையாற்று முகத்துவாரத்துக்கு மேல் கறுத்துக்கொண்டு வந்தது. முதல் குடிசையில் ஒருத்தி "மழை! மழை!" என்று கூவினாள். குரல் வீட்டுக்கு வீடு ஓடி வந்தது. பெண்கள் எழுந்து ஓடினார்கள். நான் புத்தகத்தை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு நின்றேன்.

தலைவர் மனைவி தன் மீனை வாரவில்லை. கனத்த உடம்போடு மணலில் புதையப் புதைய வரிசையின் கடைசிவரை ஓடினாள். ஓடைக்கரையில் நின்று, இரண்டு கையையும் வாயருகே குவித்து, ஒரு பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். அந்தப் பெண்ணின் பெயர். எட்டு வருஷமாக அவளுக்கு அது தெரிந்துதான் இருந்திருக்கிறது.

"மழை வருது! வெளியே வாடீ!"

யாரும் வெளியே வரவில்லை. குடிசையில் ஆளில்லை, பெண்ணையும் கூட்டிக்கொண்டு சந்தைக்குப் போனவள் திரும்பவில்லை என்று தெரிந்தது. தலைவர் மனைவி புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடையில் இறங்கினாள். அவளுக்குப் பின்னால் என் மாணவியின் அம்மா. அவளுக்குப் பின்னால் ஏழெட்டுப் பேர். எனக்கு என்ன ஆயிற்றோ, செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு நானும் இறங்கினேன். இரண்டு கையாலும் கருவாட்டை வாரி வாரி அந்தக் குடிசைக்குள் போட்டோம். பாதி வாருவதற்குள் மழை பிடித்துக்கொண்டது. கண் தெரியாத மழை. அந்த மழைக்குள்ளே, தலையில் கூடையும் கையில் பெண்ணுமாக ஓடிவந்தவள் தன் வாசலில் எங்களைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள்.

தலைவர் மனைவிக்கு மூச்சு வாங்கியது. "எத்தினி தபா கூப்புடறது உன்னை!" என்று அதட்டினாள். பிறகு அவளே அழுதாள். ஓடைக்காரி அழவில்லை. கூடையை இறக்கி வைத்துவிட்டுத் தலைவர் மனைவியின் தலையைத் தன் முந்தானையால் துவட்டினாள்.

அந்தச் சின்னக் குடிசைக்குள் பத்துப் பன்னிரண்டு பேர் நெருக்கி உட்கார்ந்திருந்தோம். ஈரமும் மீன்வாடையுமாக இருந்தது. "இப்பப் படி" என்றாள் என் மாணவியின் அம்மா. வேறு வழியில்லை, படித்தேன். முடித்ததும் நான் நிமிர்ந்து பார்க்கவில்லை.

"போய்ட்டாளா?" என்று ஓடைக்காரிதான் முதலில் கேட்டாள்.

"போயிட்டா."

அவள் ஈர முந்தானையைப் பிழிந்தாள். "போறதுக்கு அவளுக்கு ஒரு எடம் இருந்துக்கீது" என்றாள். கதாசிரியரிடம் அவள் கோபப்படவில்லை. தலைவர் மனைவிதான் வெகுநேரம் வைதுகொண்டிருந்தாள், அந்த உப்பளத்து ஊர்க்காரர்களை.

அதற்குப் பிறகு எல்லாமே மாறிவிட்டது என்று சொல்லமாட்டேன். குப்பத்துத் தலைவருக்கு இது பிடிக்கவில்லை என்று கேள்விப்பட்டேன். சில பேர் வாயில் "வடக்கத்தியா" கடைசிவரை போகவில்லை. ஆனால் ஐப்பசி மழைக்கு முன்னால் ஓடையின் குறுக்கே இரண்டு பனந்துண்டுகள் போட்டிருந்தார்கள். வரிசைக்குள்ளேயே மீன் காயப்போட அவளுக்கும் முளையடித்து இடம் விட்டிருந்தார்கள்.

பொங்கல் கழித்து ஒரு காலையில் அவள் தன் பெண்ணைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க வந்தாள். துணைக்குத் தலைவர் மனைவியும் வந்திருந்தாள். நான் பதிவேட்டைத் திறந்து பெயர், வயது எழுதிக்கொண்டேன். அடுத்த கட்டம் சொந்த ஊர். பேனாவை வைத்துக்கொண்டு பெண்ணின் அம்மாவைப் பார்த்தேன். இந்தத் தடவை அவளைத்தான் கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியிருந்தது.

"ஊர் என்னன்னு எழுதட்டும்மா?"

அவள் ஜன்னல் வழியாகத் தோப்புப் பக்கம் பார்த்தாள். தலைவர் மனைவி பேச வாயெடுத்து, பிறகு அடக்கிக்கொண்டாள். நெல்லூரா இந்தக் குப்பமா, அவளே சொல்லட்டும் என்று நாங்கள் இரண்டு பேரும் காத்திருந்தோம்.