பிராக்கெட் அண்ணன்

காப்பி மெஷின் ஒரு கோப்பையை நிரப்ப நாற்பது வினாடி எடுக்கும். பிராக்கெட் அண்ணனுக்கு அது போதும். கோப்பையை வைத்துவிட்டவர் பாதியில் ஓட முடியாது என்பது அவருக்குத் தெரியும். பக்கத்தில் வந்து நின்று, “நேத்து ஒரு பிழையைத் தேடி மூணு மணி நேரம் அல்லாடினீங்களாமே?” என்று நோயாளியை விசாரிப்பதுபோல் ஆரம்பிப்பார். நுரை அடங்குவதற்குள், “என் மொழியில அந்தப் பிழை வரவே வராது” என்ற இடத்துக்கு வந்திருப்பார். ‘என் மொழி’ என்றுதான் சொல்வார், பாகப்பிரிவினையில் தன் பங்குக்கு வந்த சொத்து மாதிரி.

அது கம்ப்யூட்டருக்கு நிரல் எழுதும் மொழிகளில் ஒன்று. உலகத்தில் அதை எழுதுகிறவர்கள் கொஞ்சம் பேர். அந்த அலுவலகத்தில் ஒரே ஒருவர். ஒரு அடைப்புக்குறிக்குள் இன்னொன்று, அதற்குள் மற்றொன்று என்று போய்க்கொண்டே இருக்கும். அண்ணனுக்குப் பெயர் வைத்தவர்கள் கேலிக்குத்தான் ‘பிராக்கெட்’ என்று வைத்தார்கள். அவர் அதைப் பட்டமாகவே வாங்கிக்கொண்டார்.

பார்சல்களைத் தெருவாரியாகப் பிரித்து வேன்களுக்கு ஒதுக்கும் மென்பொருள் அவர்களுடையது. பிரிக்கிற பகுதியை மட்டும் அண்ணன் யாரையும் கேட்காமல் தன் மொழியில் எழுதிவிட்டார். நன்றாகத்தான் ஓடியது. ஆனால் ஒவ்வொரு கூட்டத்திலும் மேலாளர் அதே கேள்வியைக் கேட்பார்: “எல்லாஞ் சரி. நாளைக்கு நீங்க படுத்துட்டா இத யாரு பாக்குறது?”

அண்ணன் அதற்கு ஏழு காரணங்களால் பதில் சொல்வார். மூன்றாவது காரணத்தில் ஒருவர் நகம் வெட்டத் தொடங்குவார். ஐந்தாவதில் மேலாளருக்கு எங்கிருந்தோ போன் வரும். ஆறாவதைத் தாண்டி எவரும் கேட்டதில்லை. கடைசியில் ஒருநாள், மாத முடிவுக்குள் அந்தப் பகுதியை எல்லோருக்கும் தெரிந்த மொழியில் மாற்றி எழுதச் சொல்லி உத்தரவு வந்தது. பெற்ற பிள்ளையைத் தத்துக் கொடுக்கச் சொன்னதுபோல் இருந்தது அவருக்கு. அன்று அவர் காப்பி மெஷின் பக்கமே போகவில்லை.

வீட்டில் மட்டும் அவருக்கு நிரந்தரமான சபை ஒன்று உண்டு. மனைவிக்கு மருந்துக்கடையில் வேலை. சாயங்காலம் அவள் காய் நறுக்கும்போது, அன்றைக்கு எழுதியதை அண்ணன் வரிவரியாக வாசிப்பார். அவள் “ம்... அப்புறம்?” என்பாள். பதினோரு வருஷமாக இப்படித்தான். புரிகிறதா என்று அவர் கேட்டதில்லை.

உத்தரவு வந்த மூன்றாம் நாள் பித்தப்பைக் கல் அவரை மடக்கிப்போட்டது. மறுநாள் காலையிலேயே ஆபரேஷன். அதே காலையில், தாடிக்கார புரோகிராமர் அண்ணன் எழுதிய பகுதியில் புதிதாக ஒரு ஏரியாவின் பெயரைச் சேர்க்க, எல்லாம் நின்றுபோயிற்று. நாற்பது வேன்கள் வாசலில் ஹாரன் அடித்தன. மேலாளர் கையைப் பிசைந்தார். தாடிக்காரர் அண்ணனுக்குப் போன் போட்டார். எடுத்தது மனைவி.

“அவர உள்ள கொண்டு போயிட்டாங்க தம்பி. என்னன்னு எங்கிட்ட சொல்லுங்க.”

“உங்ககிட்ட சொல்லி என்னக்கா ஆகப்போகுது? வண்டியெல்லாம் நிக்குது.”

“புதுசா ஏதாவது சேத்தீங்களா?”

“ஒரே ஒரு ஏரியா பேரு.”

“அந்த எடத்த வாசிங்க. பிராக்கெட் ஒண்ணு விடாம வாசிங்க. தொறந்தா தொறப்புன்னு சொல்லுங்க, மூடினா மூடுன்னு சொல்லுங்க.”

தாடிக்காரர் மந்திரம் ஓதுவதுபோல் வாசித்தார். குழு முழுவதும் சுற்றி நின்றது. நான்காவது ‘மூடு’வில் அவள் தடுத்தாள். “பட்டியல் அங்கயே மூடிடுச்சே தம்பி. உங்க ஏரியா வெளிய நிக்குது பாருங்க. அத உள்ள தூக்கி வைங்க.”

வைத்தார்கள். வேன்கள் கிளம்பின.

“அக்கா, நீங்களும் நம்ம ஃபீல்டா?”

“மருந்துக்கடை. சரி வைங்க, டாக்டர் வர்றாரு.”

இரண்டு வாரம் கழித்து அண்ணன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வேலைக்கு வந்தார். வரும் வழியெல்லாம் கடைசி முறையாகப் பேச வேண்டியதை உருப்போட்டிருந்தார். வாயைத் திறக்குமுன் மேலாளர் முந்திக்கொண்டார். “அத மாத்த வேணாம்னு முடிவு பண்ணியாச்சு. இனிமே புதுசா எழுதுறதெல்லாம் உங்க மொழியிலதான்.”

அண்ணன் மெல்ல உட்கார்ந்தார். “நான் சொன்ன ஏழுல எது சார் உங்கள மாத்துச்சு?”

“ஏழா? அதெல்லாம் ஞாபகமில்லீங்க. உங்க வீட்டம்மா போன்லயே சரி பண்ணிட்டாங்க. மருந்துக்கடையில இருக்கவங்களுக்கே புரியுதுன்னா நம்ம ஆளுங்களுக்குப் புரியாதா?”

பதினோரு வருஷம் தொண்டை வற்றக் கேட்ட சம்மதம் கிடைத்துவிட்டது. ஆனாலும் தன் கல்யாணப் பத்திரிகையில் வேறு யார் பேரோ அச்சானதுபோல் அவருக்கு ஒரு குறை. அன்று சாயங்காலம் மனைவியிடம் கேட்டேவிட்டார். “உனக்குப் புரியும்னு ஏன் எங்கிட்ட சொல்லல?”

“நீங்க கேட்டாத்தானே?”

அடுத்த வாரம் தாடிக்காரர் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு அவர் மேசைக்கு வந்தார். அண்ணன் நிமிர்ந்து உட்கார்ந்து தொண்டையைச் செருமினார். “உக்காருங்க. மொதல்ல இந்த மொழி ஏன் பொறந்துச்சுன்னா...”

“அது இருக்கட்டும் அண்ணா. அக்கா கடையில எப்ப கூட்டம் கம்மியா இருக்கும்?”

அண்ணன் கடிகாரத்தைப் பார்த்தார். “மூணு மணிக்கு மேல.” மூன்றே கால் ஆகியிருந்தது. தானே எண்ணை அழுத்திப் போனை அவரிடம் நீட்டினார். பிறகு, யாரும் பார்க்கிறார்களா என்று ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, நாற்காலியைச் சத்தமில்லாமல் நகர்த்தி, தாடிக்காரரின் காதோரம் தன் காதையும் கொண்டுபோய் வைத்தார்.