இலைக்குப் பின்னால் ஐந்து குரங்குகள்

மாலை நாலரைக்குப் படகு கிளம்பியாக வேண்டும். பிந்தினால் அன்றைய எண்ணிக்கை செல்லாது. பதினோரு வருடமாக மிஸ்லின் ஒருநாளும் பிந்தியதில்லை. கினபாத்தாங்கான் ஆற்றங்கரை மரங்களில் படுக்க வரும் நீளமூக்குக் குரங்குகளை எண்ணிச் சொல்வது அவர் வேலை. அதற்கு முன் இதே கரையில் ரம்பம் பிடித்து மரம் வெட்டியவர்.

அன்னெலீஸ் ஹாலந்து நாட்டு ஆராய்ச்சியாளர். வருடத்தில் இரண்டு வாரம் வந்து அவரோடு படகேறுவார். மிஸ்லின் எண்ணுவார், அன்னெலீஸ் எழுதுவார். மற்ற மாதங்களில் மிஸ்லின் தனியாகப் போய் எண்ணி, கைப்பேசியில் அனுப்புவார். கரைக்காட்டில் எதை விட்டுவைப்பது, எதை எண்ணெய்ப்பனைக்குக் கொடுப்பது என்று மேலே முடிவு செய்பவர்கள் பார்ப்பது அந்த எண்களைத்தான்.

இந்த முறை அன்னெலீஸின் கணவர் யோரிஸும் ஒன்பது வயது மகள் லோட்டேயும் கூட வந்திருந்தார்கள். காலையெல்லாம் யானை, இருவாட்சி, முதலை. மாலையில் அம்மாவின் வேலை.

துறையில் மிஸ்லினின் மனைவி ருசியா பொரித்த வாழைப்பழத்தை நீட்டினாள். யோரிஸ் வயிற்றைத் தட்டிக்காட்டி வேண்டாம் என்றார்.

"தொட்டாவது வைங்க சார். வேணாம்னு சொல்லிட்டு ஆத்துல இறங்கினா ஏதாவது வந்து கடிச்சு வைக்கும்."

அன்னெலீஸ் மொழிபெயர்த்ததும் அவர் பயபக்தியோடு ஒரு விரலால் தொட்டார்.

"இவரு மூக்கையும் தொப்பையையும் பாரு. நம்ம ஆளுங்க நீளமூக்குக் குரங்குக்கு டச்சுக் குரங்குன்னு சும்மாவா பேரு வச்சாங்க!" என்றாள் ருசியா. இதை மட்டும் அன்னெலீஸ் மொழிபெயர்க்கவில்லை. சிரித்து முடிக்கவே அவருக்கு நேரமாயிற்று.

முதல் வளைவில் மிஸ்லின் மோட்டாரைத் தணித்தார். மரம் முழுக்கச் செம்பழுப்பு முதுகுகள்.

"பத்தொம்பது."

அன்னெலீஸ் எழுதினார்.

"பதினாலு" என்றாள் லோட்டே, தொலைநோக்கியை இறக்காமல். அம்மாவிடம் மலாய் கற்றவள்.

"நல்லா பாரு கண்ணு."

"ரெண்டு தடவ எண்ணிட்டேன். மிச்சம் அஞ்சு எங்க?"

"இலைக்குப் பின்னால இருக்கு."

"எந்த இலை?"

அன்னெலீஸ் பேனாவை வைத்துவிட்டுத் தொலைநோக்கியை வாங்கிப் பார்த்தார். "மிஸ்லின் அண்ணே, அந்த அஞ்சையும் எனக்குக் காட்டுங்க."

மிஸ்லினுக்கு அந்த ஐந்தையும் தெரியும். கால் ஊனமான கிழப்பெண், அதன் இரண்டு மகள்கள், குட்டிகள். பின்பக்கக் காட்டை வெட்டிய வருடம் அவை கண்ணில் படாமல் போயின. எங்கோ போயிருக்கும், வந்துவிடும் என்று சேர்த்தே சொல்லிவந்தார். குடிக்கணக்கு எடுக்க வந்தவரிடம் ருசியாவும் வீட்டில் ஏழு பேர் என்றுதான் சொன்னாள். இருப்பதோ நாலு பேர். மூத்தவன் தாவாவில், அடுத்தவன் ஜொகூரில், மகள் கோலாலம்பூரில். வெளியே போனவனை விட்டுவிட்டு எண்ணுவதை அந்த ஊரில் யாரும் செய்ய மாட்டார்கள்.

"டாக்டரம்மா, அந்த அஞ்சையும் நான் பாக்கல."

"இன்னைக்கா?"

"மூணு வருஷமா."

அன்னெலீஸ் தொலைநோக்கியை இறக்கினார்.

"இந்தக் கூட்டம் மட்டும்தானா?"

"எல்லா வளைவுலயும் ஒண்ணு ரெண்டு இப்படிச் சேத்திருக்கேம்மா. எனக்குத் தெரிஞ்ச குரங்குங்க. வெளிய போயிருக்குன்னு நெனச்சேன். பொய் சொல்றதா நெனைக்கல."

"குறையலன்னு நான் எழுதிக் கொடுத்தேன் அண்ணே. உங்க கணக்க வச்சுத்தான் கொடுத்தேன். வெட்டினாலும் குரங்கு குறையலயேன்னு போன வருஷம் எதிர்க்கரையையும் வெட்ட விட்டாங்க."

குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் தேவலை என்றிருந்தது மிஸ்லினுக்கு. ரம்பத்தைக் கீழே போட்டுப் பதினோரு வருடமாயிற்று என்றல்லவா நினைத்துக்கொண்டிருந்தார்!

"இனிமே படக மட்டும் ஓட்டுங்க. எண்ண வேணாம். லோட்டேயும் நானும் பாத்துக்கறோம்."

"சரிம்மா."

அடுத்த வளைவில் சின்னக் கூட்டம். லோட்டே உதடு அசைய எண்ணினாள். "எட்டு." அன்னெலீஸும் பார்த்துவிட்டுத் தலையசைத்தார்.

மிஸ்லினின் கண் பழக்கதோஷத்தில் மரத்தின் மேல் ஓடியது. கிளைக் கவட்டுக்குப் பின்னால் வெளிறிய வால் ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. உடம்பு தெரியவில்லை, வால் தெளிவாகத் தெரிந்தது. எட்டோடு சேராத வால். சொல்லாமல் இருந்தாலும் பொய், சொன்னாலும் நம்பமாட்டார்கள்.

"ஒம்பதும்மா. கவட்டுக்குப் பின்னால வால் தொங்குது."

அன்னெலீஸ் தொலைநோக்கியை உயர்த்தினார். வெகுநேரம் பார்த்தார். அதற்குள் வால் மேலே ஏறிவிட்டிருந்தது.

"நெசமாவே பாத்தேம்மா."

"இருக்கலாம் அண்ணே."

மொழி புரியாத யோரிஸ் இருவர் முகத்தையும் மாறிமாறிப் பார்த்தார். அன்னெலீஸ் குனிந்து எழுதியது பின்னாலிருந்த மிஸ்லினுக்குத் தெரிந்தது. எட்டு. அவர் கைப்பிடியைத் திருகினார். எண்ணும் படகு ஓரிடத்தில் அதிக நேரம் நிற்கக் கூடாது என்பதும் விதி. படகு மூன்றாவது வளைவை நோக்கிப் போனது.