நாற்பத்தேழால் வகுபடும் எண்

4922263. என் வீட்டுக்காரரின் போன் நம்பர்கூட எனக்கு மனப்பாடம் இல்லை; இந்த எண் மட்டும் மறந்து தொலைய மாட்டேன் என்கிறது. எங்கள் ஆபீஸ் சூப்பிரண்டின் எண்பது பக்க நோட்டில், முதல் பக்கத்தில் அடிக்கோடிட்டு எழுதியிருந்தது. இருவரும் கடலூரிலிருந்து சிதம்பரத்துக்கு ஒரே பஸ்ஸில் போய்வந்தோம். அந்த எண், சவூதியில் வேலை பார்த்த அவர் மகனின் பாஸ்போர்ட் எண், முன்னால் உள்ள எழுத்து நீங்கலாக. பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்ட முதலாளி, பையனை ஊருக்கு விடாமல் இழுத்தடித்தான். இவரும் மனுமேல் மனுவாகப் போட்டார். "பார்க்கிறோம்" என்பதற்கு மேல் எங்கேயும் பதில் இல்லை.

மனுவில் எழுதி எழுதி மனதில் பதிந்துபோன அந்த எண்ணை ஒருநாள் பஸ்ஸில் வகுக்க ஆரம்பித்தார். மூன்று, ஏழு, பதினொன்று என்று பகா எண்களாகப் பார்த்து வகுத்தார். ஒவ்வொன்றிலும் மீதி வந்தது. 2218 வரை பார்த்தால் போதும், அதற்குள் வகுபடாவிட்டால் பிறகு எதனாலும் வகுபடாது என்றார். காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. ஏன் சார் இந்த வேலை என்று கேட்டேன்.

"சொன்னா சிரிப்பீங்கம்மா. யாராலயும் வகுக்க முடியாத நம்பரா இருந்துச்சின்னா, எம்புள்ளைய அவுங்க ஒண்ணும் பண்ணிட முடியாதுன்னு ஒரு நெனப்பு. எங்க மார்க்கத்துல இந்த மாதிரி நம்பிக்கையெல்லாம் கூடாது. ஆனா கை சும்மா இருக்க மாட்டேங்குது."

நான் சிரிக்கவில்லை. ஏழெட்டு மாதம் அப்படியே ஓடியது. ஒரு மாலை, ஆபீஸில் வாங்கிக் கட்டிக்கொண்டு, தலைவலியோடு பஸ் ஏறினேன். புதுச்சத்திரம் தாண்டித்தான் உட்கார இடம் கிடைத்தது. பக்கத்தில் அவர், "1999 முடிஞ்சிடுச்சும்மா" என்று நோட்டை நீட்டினார். எனக்கு எரிச்சலாக வந்தது. எண்ணைப் போனில் அடித்து, எதால் வகுபடும் என்று தேடினேன். கண் இமைக்கும் முன் விடை வந்துவிட்டது.

"நாப்பத்தேழால வகுபடுது சார்" என்றேன். அசதி என்று இன்றைக்குச் சாக்குச் சொல்லலாம். ஈவு இரக்கமில்லாமல்தான் சொன்னேன்.

அவர் பழைய பக்கங்களைப் புரட்டினார். நாற்பத்தேழு வந்தது. 342இல் 329 போனால் பதின்மூன்று. இருபத்துமூன்று என்று போட்டிருந்தார். மூன்றாம் வகுப்புப் பிள்ளை செய்யும் தப்பு. அதற்குப் பின் போட்ட கணக்கு அத்தனையும் வீண். கோபிப்பார் என்று எதிர்பார்த்தேன்.

"இன்னும் இருபத்தேழு நம்பர்தாம்மா இருந்துச்சு" என்றார்.

மறுநாள் அவர் நோட்டு கொண்டுவரவில்லை. அதற்குப் பிறகு எந்த நாளும் கொண்டுவரவில்லை. மடியில் பையை வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் பார்த்தபடியே வருவார். பையன் எப்படி இருக்கிறான் என்று கேட்கவும் எனக்கு வாய் வராது.

மகன் வந்து சேர்ந்துவிட்டான். அவரும் ஓய்வு பெற்றுவிட்டார். நான் இன்னும் அதே பஸ்ஸில்தான் போகிறேன். அந்த மாலைக்கும் மகன் வந்த நாளுக்கும் நடுவே பதினான்கு மாதம். நான் வாயை மூடிக்கொண்டிருந்தால், அந்தத் தப்புக் கணக்கை நம்பியே அவர் அதைக் கடந்திருப்பார்.