சமநிலை இல்லாத விளையாட்டு

என் வாழ்க்கையில் நான் சொன்ன ஆரூடங்களில் ஒன்றே ஒன்றுதான் பலித்திருக்கிறது. அதைச் சொன்னபோது எனக்குப் பதினொரு வயது. கையில் அகப்பை இருந்தது. கேட்டுக்கொண்டிருந்தவர்கள் புட்டும் கணவாய்க் கறியும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். மறுநாள் தொடங்கவிருந்த மூன்று பேஸ்போல் ஆட்டங்களில் இரண்டை ரொறன்ரோ அணி வெல்லும், ஒன்றை எங்கள் மொன்றியல் அணி வெல்லும் என்றேன். அப்படியே நடந்தது. அதன்பிறகு தேர்தல், வீட்டு விலை, என் சொந்தக் கல்யாணம் என்று எத்தனையோ விஷயங்களில் முன்கூட்டிக் கருத்துச் சொல்லிப் பார்த்துவிட்டேன். ஒன்றும் சரிவரவில்லை.

இரண்டாயிரத்தின் தொடக்க வருடங்களில் மொன்றியல் அணியைப் பார்க்கப் பெரும்பாலும் ஆட்கள் போவதில்லை. அரங்கு என்னவோ பெரிதுதான். ஒரு சிறு நகரத்தையே உள்ளே வைத்து மூடிவிடலாம். ஆனால் பந்து பிடிப்பவர் கீழே தும்மினால் மேல்வரிசையில் இருப்பவர் ஆயுள் நூறு என்று வாழ்த்தும் அளவுக்கு அது வெறுமையாக இருக்கும். ஒரு வசந்தகாலத்தில் பள்ளிக்கூடத்திலிருந்து எங்களை அங்கே கூட்டிப்போனார்கள். மற்றப் பிள்ளைகளுக்குப் பொரித்த உருளைக்கிழங்கு பிடித்தது. எனக்கு விளையாட்டுப் பிடித்தது. தோற்கும் கட்சியைப் பார்த்துப் பார்த்துச் சேர்ந்துகொள்வது எனக்குப் பிறவிக் குணம் போலும்.

அப்போது நாங்கள் மொன்றியலின் கோட்-டெ-நெய்ஜ் பகுதியில் ஒரு மூன்றாம் மாடி வீட்டில் இருந்தோம். குசினியில், அடுப்புக்கு மேலிருந்த யன்னலில் ஒரு வானொலி இருந்தது. அதில் பிரெஞ்சு வர்ணனை கேட்டுக் கேட்டு, யார் எப்போது பந்து எறிவார், யாருக்கு முழங்கால் நோகிறது என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். அம்மா ஆஸ்பத்திரிச் சலவைப் பகுதியில் வேலை செய்துகொண்டு, வாரத்தில் மூன்று மாலைகள் பிரெஞ்சு வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தார். அவரும் என்னோடு இருந்து வர்ணனை கேட்பார், வினைச்சொற்களுக்காக. அப்பா டோர்வல் விமான நிலையத்தில் சாப்பாட்டுத் தட்டுகளை விமானங்களுக்கு ஏற்றிக்கொண்டிருந்தார். அவருடைய கருத்தில் பேஸ்போல் என்பது வழிதவறிப்போன கிரிக்கெட். அதற்குமேல் அதைப் பற்றி அவர் விசாரித்ததில்லை.

அப்பா ஊரில் கிரிக்கெட் ஆடியவர். வென்ற கதை ஒன்றும் அவரிடம் கிடையாது. தோற்கவேண்டிய ஆட்டங்களைத் தோற்காமல் காப்பாற்றுவதில்தான் அவர் பேர்போனவராம். காலையில் மட்டையோடு இறங்கினால், வருகிற பந்தையெல்லாம் தடுத்துத் தடுத்து, எதிர் அணிக்கு விளையாட்டே வெறுத்துப் போகும்வரை நிற்பாராம். சமநிலையில் முடிந்தது என்று அறிவித்த பிறகுதான் திரும்பி வருவாராம். அந்த அணிக்குத் தலைவராக இருந்தவர் பெரியப்பா.

பெரியப்பா அன்றைக்கும் தலைவர்தான். கனடாவுக்கு முதலில் வந்தவரும் எங்களைக் கூப்பிட்டவரும் அவர்தான். பிறகு எல்லாரையும்போல அவர் ரொறன்ரோவுக்குப் போனார். அந்த நாளில் ஒவ்வொரு கோடையிலும் எங்களுக்குத் தெரிந்த ஒரு குடும்பம் சாமான்களைக் கட்டிக்கொண்டு நெடுஞ்சாலையில் மேற்கே போய்விடும். எஞ்சியிருந்தவர்களை ரொறன்ரோவின் ஸ்காபரோவிலிருந்து பார்ப்பவர்கள், கடைசி பஸ்ஸைத் தவறவிட்டவர்களைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்கள். பெரியப்பா ஒவ்வொரு ஞாயிறு காலையும் தொலைபேசி எடுத்து, எப்போது வருகிறாய் என்று கேட்பார். அப்பா, "ஓமண்ணை" என்பார்.

எங்கள் வீட்டில் அண்ணன் சொல்லுக்கு 'இல்லை' என்று மறுமொழி கிடையாது. அப்பாவிடம் இருந்ததெல்லாம் பலவகை 'ஓமண்ணை'கள். வருகிறேன் என்ற ஓமண்ணை, பார்ப்போம் என்ற ஓமண்ணை, தயவுசெய்து வேறு கதை கதையுங்கள் என்ற ஓமண்ணை. பெரியப்பாவுக்கு எல்லாம் ஒன்றாகவே கேட்டன என்று நான் நினைத்தேன்.

மே மாதத்து ஞாயிறு ஒன்றில் பெரியப்பா வழக்கம்போலக் கேட்கவில்லை, அறிவித்தார். குசினி முழுவதும் அவருடைய குரல் நிறைந்தது.

"தம்பி, வீடு பாத்திட்டன். எங்கட வீட்டிலயிருந்து ரெண்டு தெருதான். என்ர இடத்தில உனக்கு வேலையும் சொல்லி வைச்சிருக்கிறன். பிள்ளையின்ர பள்ளிக்கூடம் துவங்க முன்னம் வந்திடுங்கோ."

அப்பா வாயைத் திறந்தார். வழக்கமான சொல் வரவில்லை. அவருடைய கண் வானொலியில் போய் நின்றது. அதில் மூன்று வாரம் கழித்து ரொறன்ரோ அணி மொன்றியலுக்கு வருவதாக யாரோ சொல்லிக்கொண்டிருந்தார். நான் அதை அப்பாவுக்கு மொழிபெயர்த்துச் சொல்லி ஒரு நிமிடமும் ஆகியிருக்கவில்லை.

"அண்ணை, உங்கட ரீம் இஞ்ச விளையாட வருதாம். அந்த சீரிஸை அவை வெண்டால் நாங்கள் வாறம்."

பெரியப்பா விழுந்து விழுந்து சிரித்தார். ரொறன்ரோ கிண்ணம் வென்ற காலத்திலிருந்து ஒரு ஆட்டமும் தவறவிடாதவர் அவர். "சரி, பேச்சு மாறக்கூடாது" என்று சொல்லி வைத்துவிட்டார். பகிடியாகச் சொன்னதையும் பத்திரம் எழுதினதுபோல எடுத்துக்கொள்பவர் பெரியப்பா. அது எங்கள் எல்லாருக்கும் தெரியும்.

அம்மா வெங்காயம் வெட்டிய கத்தியோடு திரும்பினார். "விசரே உங்களுக்கு? ஒரு குடும்பத்தைக் கொண்டுபோய்ப் பந்தில கட்டிவிட்டிட்டு நிக்கிறியள். இந்த வயசில நான் முக்கி முக்கிப் பிரெஞ்சு படிச்சது ரொறன்ரோவில போய் மறக்கவோ?"

"பயப்பிடாதையும். அது அப்பிடி முடியாது" என்றார் அப்பா. அவர் முகத்தில், மற்றவர்களுக்குத் தெரியாத ஒன்றைத் தெரிந்துவைத்திருப்பவரின் அமைதி. எங்கள் அணியின் மீது இவ்வளவு நம்பிக்கையுள்ள ஒரு மனிதரை நான் அந்த நகரத்தில் கண்டதில்லை. எனக்குப் பெருமையாக இருந்தது. கொஞ்சம் கவலையாகவும் இருந்தது. ஏனென்றால் எனக்கு அந்த அணியைத் தெரியும்.

ஆட்டத்துக்கு முதல்நாள், வியாழக்கிழமை பின்னேரம், பெரியப்பா தன் வேனில் வந்து இறங்கினார். தனியாக வந்திருந்தார். பின் ஆசனங்களைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டு வந்திருந்தார்; முன் ஆசனத்தில் கயிறும் வெறும் பெட்டிகளும் இருந்ததால், பெரியம்மாவைக்கூடக் கூட்டிவர இடமிருக்கவில்லை.

"போகேக்க கொஞ்சச் சாமான் ஏத்திக்கொண்டு போவம் எண்டுதான்" என்றார். "பெரிய அலுமாரியை முதல் கொண்டுபோனால் பிறகு சுகம்."

அம்மா அலுமாரியைப் பார்த்தார். பிறகு அப்பாவைப் பார்த்தார். அப்பா சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தார். பெரியப்பா வந்தால் அவர் அப்படித்தான். மற்ற நாட்களில் முகம் மழிக்கும்போது விசிலடிப்பார். பெரியப்பா நிற்கிற நாட்களில் விசிலும் இராது. நல்ல கதிரை பெரியப்பாவுக்குப் போகும். அப்பா குளிர்சாதனப்பெட்டியின் பக்கத்தில், அம்மா மரக்கறி வெட்டும் முக்காலியில் இருப்பார்.

சாப்பாட்டின் நடுவில் பெரியப்பா என்னைப் பார்த்தார். "எங்க பிள்ளை, உனக்குத்தானே இதெல்லாம் தெரியும் எண்டு அப்பர் சொல்லுறார். நாளைக்கு என்ன நடக்கும்? சொல்லு பாப்பம்."

இதற்காகவே பிறந்தவள்போல நான் எழும்பினேன். குளிர்சாதனப்பெட்டியின் கதவில் பத்திரிகையிலிருந்து வெட்டிய படங்களைக் காந்தத்தால் ஒட்டிவைத்திருந்தேன். கறிச்சட்டியிலிருந்த அகப்பையை எடுத்துக் கழுவிக்கொண்டு, வானொலிக்காரரைப்போலத் தொண்டையைச் செருமினேன். ஊர் மாறுவதா இல்லையா என்பது அந்த ஆட்டங்களில் தொங்குகிறது என்பது எனக்கும் தெரியும். ஆனாலும் ஒரு நிபுணருக்குத் தன் குடும்பத்தைவிட உண்மை முக்கியம் என்று அந்த வயதில் நான் நம்பினேன்.

ஒரு அணியில் ஐந்து பேர் முறைவைத்துப் பந்து எறிவார்கள். ஒருநாள் எறிந்தவர் அடுத்த நாலு நாளும் எறிய மாட்டார். எங்களுடைய சிறந்த ஆள் நேற்றுத்தான் எறிந்தார், ஆகவே அவருடைய முறை வரும்போது ரொறன்ரோ ஊர் போய்ச் சேர்ந்திருக்கும் என்று விளக்கினேன்.

"ஏன், கை என்ன கண்ணாடியே?" என்றார் அப்பா. முதன்முறையாக அவர் குரலில் ஒரு அசைவு.

"வெள்ளிக்கிழமை அவையின்ர பெரிய ஆள் எறியிறார். எங்களுக்கு ஒண்டும் கிடைக்காது. சனிக்கிழமை அவையின்ர இடக்கைக்காரன். இடக்கை எண்டால் எங்கட ஆக்களுக்குச் சீனி. அதை நாங்கள் வெல்லுவம். ஞாயிற்றுக்கிழமை எங்கட பக்கம் ஒரு புதுப் பெடியன். பாவம்." அகப்பையால் அந்தப் பாவப்பட்ட பெடியனின் படத்தைத் தட்டினேன். "ரெண்டுக்கு ஒண்டு. ரொறன்ரோ."

பெரியப்பா மேசையில் தட்டிச் சிரித்தார். "பெட்டைக்கு விஷயம் தெரியுது!"

அப்பா சிரிக்கவில்லை; கலங்கவுமில்லை. புட்டைக் குழைத்துக்கொண்டே, ஏதோ சில்லறைச் சந்தேகம் கேட்பவர்போலக் கேட்டார். "அது சரி பிள்ளை. ட்ரோ வாறதுக்கு என்ன மாதிரி?"

"பேஸ்போலில ட்ரோ இல்லை அப்பா."

அப்பாவின் கை புட்டுக் கோப்பையில் நின்றது.

"மழை வந்தால்?"

"கூரை இருக்கு."

"இருட்டிப்போச்செண்டால்?"

"லைட் இருக்கு."

"ரெண்டு பக்கமும் ஒரேயளவு எடுத்து, நேரமும் முடிஞ்சுபோச்செண்டால்?"

"நேரம் எண்டு ஒண்டு இல்லை அப்பா. ஒரு ஆள் வெல்லுமட்டும் விளையாடுவினம். விடிஞ்சாலும் விளையாடுவினம்."

"விடிய விடியவோ?" என்றார் அப்பா. "ஒருத்தரும் நிப்பாட்ட மாட்டினமே?"

அவருடைய முகத்தைப் பார்த்தபோதுதான், மூன்று கிழமையாக அவர் நம்பியிருந்தது எங்கள் அணியை அல்ல என்று எனக்குத் தெரிந்தது. ஆட்டம் சமநிலையில் முடியும் என்று நம்பி ஒரு மனிதர் குடும்பத்தைப் பந்தயம் கட்டியிருக்கிறார்! எனக்குச் சிரிப்பு வந்தது. ஒன்றுமே தெரியாத அப்பா என்று நினைத்தேன். சமநிலை கேட்பதென்றால் ஏன் கேட்கவேண்டும், நாங்கள் வெல்லவேண்டும் என்றல்லவா கேட்கவேண்டும்?

பெரியப்பாவின் சிரிப்பு நின்றிருந்தது. முக்காலியில் இருந்த தன் தம்பியை அவர் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா கறி அள்ள எழுந்தவர் எழுந்தபடியே நின்றார். கடைசியில் பெரியப்பா ஒரு கணவாய்த் துண்டை எடுத்து வாயில் போட்டு, மென்று, விழுங்கினார்.

"மூண்டு மட்ச்சோ?" என்றார் என்னிடம்.

"ஓம் பெரியப்பா."

"நான் அஞ்சு எண்டெல்லோ நினைச்சன். மூண்டு மட்ச்சை ஆரும் சீரிஸ் எண்டு சொல்லுவினமே? உந்தப் பந்தயம் செல்லாது."

"செல்லாதோ அண்ணை?" அப்பாவின் குரல் பள்ளிக்கூடத்துப் பெடியனின் குரல்போல இருந்தது.

"செல்லாதடா. விதியெண்டால் விதி. சாப்பிடு, புட்டு ஆறுது."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பேஸ்போலில் மூன்று ஆட்டம்தான் வழக்கமென்று, இத்தனை வருடம் தொலைக்காட்சியின் முன்னால் இருந்த மனிதருக்குத் தெரியாதா? "இல்லைப் பெரியப்பா, எப்பவும் மூண்டுதான், சிலநேரம் ரெண்டுகூட..." என்று தொடங்கியபோது அம்மா அகப்பையை வாங்க வந்தவர்போல என் முழங்கையில் கிள்ளினார். அந்தக் கிள்ளு இன்றைக்கும் நினைவிருக்கிறது. அதே கையால் அவர் பெரியப்பாவின் கோப்பையில் அள்ளிவைத்த கணவாயை மூன்று பேர் சாப்பிடலாம்.

"காணும், காணும். நான் என்ன கலியாண வீட்டுக்கே வந்தனான்?" என்றார் பெரியப்பா.

"சாப்பிடுங்கோ அத்தான்" என்றார் அம்மா. "வடிவாச் சாப்பிடுங்கோ." மூன்று கிழமைக்குப் பிறகு அவர் தோள்கள் இருக்கவேண்டிய இடத்துக்கு இறங்கியிருந்தன.

கை கழுவியபின் பெரியப்பா வீட்டுக்குள் நடைபாதையில் நின்று யாருக்கோ தொலைபேசி எடுத்தார். அந்த வீடு வேண்டாம், தம்பிக்கு இங்கே வேலை முடியவில்லை, வேறு ஆளுக்குக் கொடுங்கோ என்று சொன்னது எனக்குக் கேட்டது. பிறகு சட்டைப் பையிலிருந்து வளையத்தில் கோத்த புதுக் கதவுத் திறப்பு ஒன்றை எடுத்துப் பார்த்து, காற்சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். குனிந்தால் விழுந்துவிடும் என்று மாற்றுகிறார் என நினைத்தேன்.

மறுநாள் மாலை ஆட்டம் பார்க்கப் போனோம். வேனில் இருக்க இடமில்லாததால் மெட்ரோவில். பெரியப்பா ரொறன்ரோ அணியின் நீலத் தொப்பி போட்டிருந்தார். அரங்கில் எங்களுக்கு முன்னால் நாலு வரிசையும் பின்னால் பத்து வரிசையும் காலி. நான் சொன்னபடியே ரொறன்ரோவின் பெரிய ஆள் எறிந்தார். நான் சொன்னபடியே எங்களுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. சொன்னதெல்லாம் சொன்னபடி நடக்கிறதே என்று ஒருவரும் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

நாலாவது சுற்றில் ரொறன்ரோவின் ஒருவர் பந்தை வேலிக்கு அப்பால் அடித்தார். அப்பா துள்ளி எழும்பிக் கைதட்டினார். இரண்டு விரலை வாயில் வைத்து விசிலடித்தார்.

"அப்பா! அது மற்ற ஆக்கள்!"

"தெரியும் பிள்ளை" என்றார் அப்பா, தட்டுவதை நிறுத்தாமல்.

"இரடா தம்பி" என்று பெரியப்பா தொப்பியை முன்னுக்கு இழுத்துக்கொண்டார். "பின்னுக்கு இருக்கிற ஆக்களுக்கு மறைக்குது."

அப்பா கதிரையில் இருந்தார். அடுத்த ரொறன்ரோக்காரர் அடித்தவுடன் மறுபடியும் எழும்பினார். அன்றைக்கு அந்த வெறும் அரங்கில் ரொறன்ரோ அணிக்கு அவரைப்போல ஒரு இரசிகர் இருந்திருக்கமாட்டார். அவருடைய உள்ளங்கை சிவந்துபோயிருந்தது. நான் வெட்கத்தில் இரண்டு கதிரை தள்ளிப்போய் இருந்துகொண்டேன். நாங்கள் எந்த ஊர், யாருடைய பக்கம் என்பதுகூடத் தெரியாத இந்த மனிதருக்கு, நாளைக்கே முதலிலிருந்து எல்லாவற்றையும் சொல்லிக்கொடுக்கவேண்டும் என்று முடிவு செய்துகொண்டேன்.