மழைக்கு நிற்காத பம்பு

சம்மாந்துறை ஜவுபர் காக்காவின் பம்பு, வயலில் தேங்கும் மழைத் தண்ணீரை இறைக்க வாங்கியது. மழை பட்டால் முதலில் நிற்பதும் அதுதான்.

அதற்காக மூன்று வாரம் மெனக்கெட்டு, எஞ்சினுக்குப் பொறி தரும், நனையாத எலெக்ட்ரோனிக் இக்னிஷன் ஒன்று செய்தேன். சர்க்கியூட்டை ஒரு சோப்புப் பெட்டிக்குள் வைத்து, எபொக்சிப் பசையை ஊற்றிக் கல்லாக இறுக விட்டேன்.

இன்று அசர் தொழுகைக்குச் சற்று முன், கல்முனையில் என் கடை வாசலில் முதல் தடவையாகப் பம்பை இயக்கினேன். ஜவுபர் காக்கா ஒரு வாளித் தண்ணீரை அதன் தலையில் ஊற்றினார். நிற்கவில்லை. இன்னொரு வாளி. அதற்கும் நிற்கவில்லை.

"இதுதான் தம்பி வேலை" என்றார்.

அந்த நேரம் பக்கத்துப் பள்ளிவாசலில் தொழுகைக்கு அழைக்கும் பாங்கு தொடங்கியது. பக்கத்துக் கடை ரேடியோ அடங்கியது. எதிர் வெல்டிங் கடையில் கிரைண்டர் நின்றது. நானும் சுவிட்சை அணைத்தேன்.

பம்பு நிற்கவில்லை.

அப்போதுதான் விளங்கியது. எஞ்சினை நிறுத்த சுவிட்சுக்குப் போகவேண்டிய வயரைப் பெட்டிக்கு வெளியே எடுக்காமலே பசையை ஊற்றியிருக்கிறேன்.

பெட்ரோல் குழாயை மூடினேன். உள்ளே மிச்சமிருந்த பெட்ரோல், பாங்கு முடியும்வரை தாராளமாகப் போதுமாக இருந்தது.

பாங்கு சொல்லி முடித்த மோதினார் பள்ளி வாசலுக்கு வந்து எங்களைப் பார்த்துவிட்டு உள்ளே போனார்.

ஜவுபர் காக்காதான் மெதுவாகச் சொன்னார்: "மழைக்கு நிக்காது எண்டுதானே தம்பி சொன்னீங்க. பாங்குக்கும் நிக்காது எண்டு சொல்லல்லையே."

இறுகிய எபொக்சியை சர்க்கியூட் உடையாமல் கழற்றத் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மஃரிப் தொழுகைக்கு நான் வேறு பள்ளிக்குத்தான் போனேன்.