நடவுக்குப் போகாத குறுவை

மாமா சாகவில்லை என்பதில் எனக்குத் துளிச் சந்தேகமும் இருக்கவில்லை. ஆறு வயதென்றாலும் சாவு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். வாசலில் பந்தல் போடுவார்கள், சங்கு ஊதுவார்கள், சொந்தக்காரர்கள் மாலையோடு வருவார்கள். எங்கள் வாசலில் ஒரு கீற்றுகூட இல்லை. அப்புறம் எப்படிச் செத்திருப்பார்?

அம்மாவின் தம்பி அவர். டிராக்டர் ஓட்டுவார். நாகூர் கந்தூரிக்குக் கூட்டிப்போய்க் கேட்டதையெல்லாம் வாங்கித் தந்துவிட்டு, வீட்டில் திட்டும் வாங்கிக்கொள்வார். நிலக்காரர்கள் குடியிருக்கும் பெரிய தெருவில் ஒருவருடைய தண்ணீர் மோட்டார் காணாமல் போனது. அங்கே எது காணாமல் போனாலும் எங்கள் காலனிப் பையன் ஒருத்தனைத் தூக்குவது போலீசுக்குப் பழக்கம். மாமாவை ஜீப்பில் ஏற்றிப் போனார்கள். மறுநாள் நெஞ்சுவலி, ஆஸ்பத்திரியில் கிடக்கிறார் என்று ஸ்டேஷனிலிருந்து ஆள் வந்து சொன்னார். கல்யாணம்கூட ஆகாத பையனுக்கு நெஞ்சுவலியாம்!

அம்மா போய்ப் பார்த்தாள். முதுகெல்லாம் தடிப்புத் தடிப்பாக அடி. அடித்தவர்கள் மேல் கொலை வழக்குப் போடாமல் உடலை வாங்க மாட்டோம் என்று அங்கேயே சொல்லிவிட்டாள். எங்கள் தெருவே ஆஸ்பத்திரி வாசலில் போய் உட்கார்ந்தது.

எனக்கு அங்கே ஒரே குஷி. பள்ளிக்கூடம் கிடையாது, மரத்தடியில் எல்லோருக்கும் சேர்த்துச் சமையல், தொண்டை கிழியக் கோஷம். என்ன கேட்கிறோம் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. ஆனாலும் கூட்டத்தில் நான்தான் உரக்கக் கத்தினேன்.

அது குறுவை நடவு நேரம். நடவுப் பெண்களைக் கூட்டிப்போகிறவள் அம்மா. அவள் இறங்காத வயலில் ஒருத்தியும் இறங்க மாட்டாள். நாற்றங்காலில் நாற்று முற்றிக்கொண்டிருந்தது. மோட்டாரைப் பறிகொடுத்தவரே பைக்கில் வந்து நின்றார்.

“உங்க சண்டை போலீசோட. என் வயலு என்னம்மா பண்ணுச்சு? நாத்து முத்திப்போவுது.”

அம்மா உட்கார்ந்த இடத்தை விட்டு எழவில்லை.

“நாத்து போனா திரும்ப விதைச்சுக்கலாங்க. எந்தம்பிய எங்கங்க விதைக்கிறது?”

மாமாவுக்காக வாய் திறக்காத பெரிய தெரு, நாற்றுக்காகத் திறந்தது. கார் எடுத்துக்கொண்டு போய் அதிகாரிகளிடம் கெஞ்சியது. வழக்குப் பதிவானது, அடித்தவர்கள் கைதானார்கள். அந்த நாற்றைப் பிடித்தே அத்தனை பேரையும் இழுத்து வந்தவள் என் அம்மா. பெருமையாகத்தான் சொல்கிறேன்.

“ஜெயிச்சிட்டோம்! பையன வீட்டுக்குக் கொண்டாரலாம்!” என்று பெரியப்பா ஓடிவந்தார். எனக்கு அது போதாதா? அப்பாவின் தங்கச்சியான அத்தையை இழுத்துக்கொண்டு முதல் பஸ்ஸில் வீட்டுக்கு வந்தேன். அத்தை என்னிடம் சொல்லாமல் பந்தலுக்கு ஆள் கூப்பிடப் போன நேரத்தில், மாமாவின் பாயை விரித்தேன். கைலியை மடித்து வைத்தேன். தட்டைக் கழுவிச் சோற்றுக்குத் தயாராக வைத்து, பக்கத்தில் சொம்பு நிறையத் தண்ணீரும் வைத்தேன்.

ஆம்புலன்ஸ் வந்து நின்றது. முதலில் இறங்கிய அம்மாவின் கையைப் பிடித்து உள்ளே இழுத்துப்போய், “மாமாவுக்குத் தட்டு வச்சிட்டேம்மா” என்றேன்.

எந்த அதிகாரி முன்னாலும் கண் கலங்காதவள், அந்தத் தட்டைப் பார்த்ததும் தரையில் விழுந்து மாரில் அடித்துக்கொண்டு அழுதாள். ஜெயித்தவர்கள் எதற்கு அழ வேண்டும் என்று எனக்கு விளங்கவில்லை. மாமா இறங்கட்டும், அவரிடம் கேட்டுக்கொள்ளலாம் என்று ஆம்புலன்ஸ் கதவருகே போய் நின்றேன்.