கோட்டைக்கு வெளியே நின்ற ஜெயா அண்ணன்

ஜெயா அண்ணன் போய்விட்டார். காலையில் பஸ்ஸுக்கு நின்ற இடத்திலேயே நெஞ்சுவலி... ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே முடிந்துவிட்டது என்று நிமால் ஃபோன் பண்ணிச் சொன்னார்.

இதைப் படிக்கும் பாதிப் பேருக்கு ஜெயா அண்ணனைத் தெரியாது. தெஹியோவிட்டவில் நான் முதன்முதல் வேலை பார்த்த கொமியூனிகேஷன் கடையில் அவர்தான் சீனியர். அவர், நிமால், நான்... மூன்றே பேர்.

போட்டோகொப்பி, டைப்பிங், ஃபோன், ஒரே ஒரு கம்ப்யூட்டர். அதில் அண்ணன் ஒரு கேம் ஏற்றி வைத்திருந்தார். வாள், மந்திரம், பறக்கும் பாம்பு... ஆரம்பிக்கும் முன்னாலேயே நீ எந்தக் கோத்திரம் என்று கேட்கும்.

மழைக்காலத்தில் மத்தியானமானால் கரண்ட் போய்விடும். கரண்ட் இல்லாத கொமியூனிகேஷனில் என்ன வேலை? அதனால் அண்ணன் அதே மாதிரி ஒரு கேமைப் பேப்பரில் செய்தார். பழுதாய்ப் போன கொப்பிகளின் பின்பக்கம் ரூல்ஸ், லூடோ பெட்டியிலிருந்து ஒரு டைஸ். அவ்வளவுதான்.

முதல் நாள் என்னிடம், "நீ எந்தக் கோத்திரம்?" என்று கேட்டார். நான் யோசிக்காமல், தேயிலைத் தோட்டத்தில் எங்கள் வீட்டு விலாசத்தை, "கீழ் டிவிஷன், ஆறாம் நம்பர் லயம்" என்றேன். இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஆனால் அண்ணன் அதையே எழுதிக்கொண்டார்; என் கோத்திரத்தின் பெயர் கடைசி வரை கீழ் டிவிஷன்தான்.

அவர் மட்டும் எந்தக் கோத்திரமும் எடுக்க மாட்டார். எப்போதும் துரத்தப்பட்டவன்தான். கோட்டைக்கு வெளியே, காட்டில், வாசல் கேட்டுக்குப் பக்கத்தில்...

உள்ளே இருக்கும் ஒருவர் தன்னுடைய மூன்று உயிரில் ஒன்றைக் கொடுத்தால் அவன் உள்ளே வரலாம். அதுவும் அவர் எழுதிய ரூல். ஆனால் யாரிடமும் கேட்கவே மாட்டார்.

எனக்கு மண்டை காய்ந்துவிடும். "ஏண்ணே, ராஜாவா ஆடலாம், மந்திரவாதியா ஆடலாம். இது என்னண்ணே ஆசை?"

அண்ணன் வேதக்காரர், கிறிஸ்தவர். "வேதத்துல காணி பிரிச்சப்போ எல்லாக் கோத்திரத்துக்கும் குடுத்தாங்க தங்கச்சி. லேவி கோத்திரத்துக்கு மட்டும் இல்ல. கோயில் வேலதான் அவங்களுக்கு."

"அப்போ நம்மாளுங்கதாண்ணே. வேல இருக்கு, காணி இல்ல." அவர் சிரித்தாரே ஒரு சிரிப்பு...

எங்கள் மாரியம்மன் கோயிலில் படிக்கும் கதையில் டைஸ் உருட்டித் தோற்றுத்தான் காட்டுக்குப் போவார்கள், அதனால் அம்மா வீட்டில் டைஸே வைக்க விடமாட்டார் என்று நான் சொன்னேன். நிமால் சிங்களவர், விடுவாரா? தங்களுடைய முதல் ராஜாவையே அவன் அப்பன் கப்பலில் ஏற்றித் துரத்திவிட்டான் என்றார்.

"அபித் பன்னபு அய தமய், நங்கி." நாங்களும் துரத்தப்பட்ட ஆட்கள்தான், தங்கச்சி என்று.  அப்புறம் கரண்ட் வந்துவிட்டது.

அப்போதுதான் புதிய பிரஜாவுரிமைச் சட்டம் வந்திருந்தது. தோட்டத்து ஆட்கள் ஃபோர்ம் நிரப்ப எங்கள் கடைக்கு வருவார்கள். அப்பா எங்கே பிறந்தார், தாத்தா எங்கிருந்து வந்தார்... அண்ணன் பொறுமையாகக் கேட்டுக் கேட்டு எழுதுவார்.

அவருடைய ஃபோர்மை மட்டும் எழுதவில்லை. இந்தியாவும் இலங்கையும் ஒப்பந்தம் போட்டுத் தோட்டத்து ஆட்களை இந்தியாவுக்கு அனுப்பிய காலத்தில் அவருடைய அப்பாவுக்கு இந்தியப் பாஸ்போர்ட் கொடுத்தார்களாம். மனுஷன் கப்பல் ஏறவில்லை. மகன் இங்கேயே பிறந்து, இந்த நாட்டுக்கும் இல்லை, பார்க்காத அந்த நாட்டுக்கும் இல்லை.

"எழுதுங்கண்ணே" என்றால், "பாப்போம், பாப்போம்" என்பார். ஒரு நாள் மட்டும் மெதுவாக, "இல்லைன்னு திருப்பி அனுப்பிட்டா என்ன செய்ய?" என்றார்.

அந்த வாரமே ஒரு மழை மத்தியானம், நான் டைஸைக் கீழே வைத்தேன். "என்னோட உயிர் ஒண்ணு எடுத்துக்குங்க. உள்ள வாங்கண்ணே."

அண்ணன் பேப்பரையெல்லாம் புரட்டினார். திரும்பவும் புரட்டினார். "உள்ள வந்தா என்ன நடக்கும்னு நான் எழுதவே இல்லையே தங்கச்சி..."

காட்டைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியவர். எனக்கு அழுகை வந்துவிட்டது. மழைச் சத்தத்தில் அவர்கள் கவனிக்கவில்லை என்று நினைக்கிறேன்.

மறுநாள் ஒரு பேப்பர் கொண்டுவந்தார். ஒரே ஒரு வரி. "உள்ளே வந்தவரிடம் எங்கிருந்து வந்தாய் என்று யாரும் கேட்கக்கூடாது."

அதற்குக் கீழே இன்னொரு தாள் இருந்தது... வெற்று ஃபோர்ம். "இத நீயே எழுது. ஊருக்கெல்லாம் எழுதிட்டேன், இதுக்குக் கை வர மாட்டேங்குது."

எழுதினேன். பாதியில், "தாத்தா எங்கேருந்து வந்தாரு?" என்று கேட்டேன். "ரூல் இருக்கு தங்கச்சி!" என்றார். "இது கேம் இல்லண்ணே, கவர்மென்ட்டு" என்றதும் சிரித்துக்கொண்டே தாத்தாவின் ஊர்ப் பெயரைச் சொன்னார்.

சேர்டிபிகேட் வந்த அன்று அதைக் கொப்பி எடுத்தார், எடுத்தார், எடுத்துக்கொண்டே இருந்தார். கடைசியில் நிமால்தான் மெஷினை ஓஃப் பண்ணினார். அப்புறம் நான் கொழும்பில் வேலை கிடைத்து வந்துவிட்டேன். தீபாவளிக்குப் போகும்போது பார்ப்பதோடு சரி... போன தீபாவளிக்கு அதுவும் முடியவில்லை. அது இப்போது உறுத்துகிறது.

இப்போது நிமால் திரும்பவும் ஃபோன் எடுத்தார். மரண நோட்டீஸ் அதே கடையில்தான் அடிக்கிறார்களாம், தமிழில் என்னை எழுதித் தரச் சொன்னார். "ஆளுங்க கேக்குறாங்க நங்கி, ஜெயா அய்யாட கம, ஊரு எங்கன்னு. இந்தியாவுல ஊர்ப் பேரு இருக்குத் தானே... அது போடணுமா?"

"வேணாம் நிமால். தோட்டத்துப் பேரைப் போடுங்க, போதும். அத மட்டும் கேக்கக்கூடாது, ரூல் இருக்கு."

 "ஹரி நங்கி", சரி தங்கச்சி என்று சொல்லி வைத்துவிட்டார்.

போயிட்டு வாங்கண்ணே. கேட்ல நிக்காதீங்க... நேரா உள்ள போங்க.